ரோஸ் குவார்ட்ஸும் அதன்மேல் ஏற்றப்பட்ட கதைகளும்

ரோஸ் குவார்ட்ஸ் என்னும் இளஞ்சிவப்புக் கல்லைப் பற்றி வழங்கும் செய்திகளில் பல, உண்மையில் வேறு எதற்கோ உரியவை. இந்தக் கல்லின் மீது ஆர்வம் கொண்டு கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவந்தபோது இது எனக்குச் சிறிது சிறிதாகத்தான் புலப்பட்டது. வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்ற எச்சரிக்கையும், பழங்காலக் கிரேக்கர்களின் காதல் தெய்வத்தோடு அதைச் சேர்த்துச் சொல்லும் கதையும், குவார்ட்ஸ் அதிர்வதால் மனக்காயம் ஆறும் என்ற விளக்கமும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், ஒவ்வொன்றும் வேறொரு வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அவற்றையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கல்லுக்கென்று மிச்சமிருப்பது குறைவில்லை என்பதுதான் இதை எழுதத் தூண்டியது.

முதலில் கல்லின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ரோஸ் குவார்ட்ஸ் என்பது சிலிக்கான் டை ஆக்சைடு. அதாவது ஸ்படிகம், அமெதிஸ்ட், சிட்ரின், புகைநிறக் குவார்ட்ஸ் ஆகியவற்றின் உடன்பிறப்பு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கத்தியின் எஃகும் சன்னல் கண்ணாடியும் அதைக் கீற முடியாது. புஷ்பராகமும் நீலக்கல்லும் வைரமும் கீறிவிடும். அடர்த்தி 2.65, ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை. பிளவுத்தளம் இல்லாததால் அடிபட்டால் நேர்த்தளமாகப் பிளக்காமல், சிப்பியின் உட்புறம் போல வளைந்த பரப்புகளாக உடைகிறது. இந்த எண்களெல்லாம் குவார்ட்ஸ் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களுக்கும் பொதுவானவை. ரோஸ் குவார்ட்ஸுக்கே உரியவை அதன் நிறமும், பனிமூட்டம் போன்ற மங்கலும், ஒளி படும்போது சில துண்டுகளில் மட்டும் தெரியும் நட்சத்திர வடிவமும்தான். மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் இந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளில் மிகவும் பிடித்தது.

நிறம் எதனால் வருகிறது என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் இருந்தது. கல்லைப் பகுத்தாய்ந்தவர்கள் அதில் மிகச் சிறிய அளவில் டைட்டானியம், மாங்கனீஸ், இரும்பு ஆகியவை இருப்பதைக் கண்டு, ஒருவர் டைட்டானியத்தையும் இன்னொருவர் மாங்கனீஸையும் காரணமாகச் சொன்னார்கள். அமெதிஸ்ட்டின் ஊதா நிறத்துக்கு இரும்பு அணுக்கள் படிகக் கூட்டுக்குள்ளேயே இடம் பிடித்திருப்பது காரணம் என்பதால், ரோஸ் குவார்ட்ஸிலும் ஏதோ ஓர் அணு அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கருதுவது இயல்பாகவே இருந்தது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜூலியா கோரேவா, சி மா, ஜார்ஜ் ராஸ்மன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் சென்றது. உலகின் பல இடங்களிலிருந்து வந்த ரோஸ் குவார்ட்ஸ் துண்டுகளை அவர்கள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தார்கள். குவார்ட்ஸைக் கரைக்கக்கூடிய மிகச் சில பொருள்களில் அந்த அமிலமும் ஒன்று. நிறம் குவார்ட்ஸின் படிகக் கூட்டுக்குள் இருந்திருந்தால் கல்லோடு சேர்ந்து நிறமும் கரைந்து போயிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. கல் முழுதும் கரைந்த பிறகும் அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு படிவு மிஞ்சியது.

நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தப் படிவு முழுவதும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமன் கொண்ட இழைகளாக இருந்தது. அவற்றின் அமைப்பு டியூமார்டியரைட் என்ற கனிமத்தை மிகவும் ஒத்திருந்தது. ஆனால் முற்றிலும் அதுவே என்று சொல்ல முடியாதபடி சிறு வேறுபாடுகளும் இருந்தன. டியூமார்டியரைட் என்பது அலுமினியமும் போரானும் சேர்ந்த ஒரு சிலிக்கேட்; பெரும்பாலும் நீலமாகவும், சில நேரங்களில் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ கிடைப்பது. இழைகளுக்குள் இருக்கும் இரும்பு அணுவுக்கும் டைட்டானிய அணுவுக்கும் இடையே எலக்ட்ரான் இடம் மாறும்போது ஒளியின் ஒரு பகுதி உறிஞ்சப்படுவதால் இளஞ்சிவப்பு தோன்றுகிறது. எனவே டைட்டானியத்தைக் காரணமாகச் சொன்ன பழைய ஆய்வாளர்கள் பொருளைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அது இருக்கும் இடம்தான் தவறாகிப் போயிற்று. சுருங்கச் சொன்னால், நாம் ரோஸ் குவார்ட்ஸ் என்று அழைப்பது நிறமற்ற குவார்ட்ஸும் அதற்குள் பரவிக் கிடக்கும் இளஞ்சிவப்பு இழைகளும் சேர்ந்த ஒரு கலவை.

இது விளங்கிவிட்டால் மற்றவையும் விளங்கும். இழைகள் ஒளியைச் சிதறடிப்பதால் கல் மங்கலாகத் தெரிகிறது. பட்டை தீட்டும் அளவுக்குத் தெளிவான துண்டு அரிதாகக் கிடைப்பதும் அதனால்தான். நிறமும் இழைகளின் மொத்த அளவைப் பொறுத்தது என்பதால், ஒளி கடந்துவர வேண்டிய தொலைவு கூடக்கூட நிறம் ஆழமாகிறது. முழங்கை நீளப் பாறைத் துண்டில் செழிப்பாகத் தெரிந்த அதே கல், அதிலிருந்து வெட்டிய சிறு மோதிரக் கல்லில் ஏறத்தாழ வெள்ளையாகிவிடும். கல் பட்டை தீட்டுபவர்கள் இதை உருண்டைகளாகவும் பெரிய மணிகளாகவும் கபோஷான் எனப்படும், பட்டையில்லாமல் மேற்புறம் குவிந்த உயரமான கற்களாகவும் அறுப்பதற்கு அழகுணர்ச்சியைவிட இந்தக் கணக்கே காரணம்.

நட்சத்திரமும் இதே இழைகளின் வேலைதான். சில துண்டுகளில் இழைகள் கண்டபடி கிடக்காமல், படிகத்தின் முதன்மை அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் மூன்று திசைகளில், ஒன்றுக்கொன்று 60 பாகைக் கோணத்தில் ஒழுங்காக அமைந்திருக்கும். ஒவ்வொரு திசையில் கிடக்கும் இழைத் தொகுதியும் தன்மேல் படும் ஒளியைக் குறுக்காக ஒரு கீற்றாகத் திருப்பி அனுப்புகிறது. மூன்று கீற்றுகளும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும்போது ஆறு கதிர் நட்சத்திரம் தெரிகிறது. நட்சத்திர நீலக்கல்லிலும் இதே இயக்கம் உண்டு என்றாலும், அதைப் பொதுவாகப் பிரதிபலித்த ஒளியில்தான் பார்க்கிறோம். ரோஸ் குவார்ட்ஸ் நீலக்கல்லைவிட ஒளியை எளிதாக ஊடுருவ விடுவதால், கல்லுக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை வைத்துப் பார்த்தாலும் நட்சத்திரம் தெரியும். மெருகேற்றிய உருண்டை ஒன்றை இருட்டறையில் கைப்பேசியின் விளக்கின் மேல் வைத்து மெல்லச் சுழற்றினால், ஒரு குறிப்பிட்ட நிலையில் கதிர்கள் சட்டென்று ஒன்றுகூடும். இன்னும் சுழற்றிக்கொண்டே போனால் நேரெதிர்ப் பக்கத்தில் இரண்டாவது நட்சத்திரம் எழும். இழைகள் சரியாக அமையாத உருண்டையில் எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றும் தெரியாது. கடையில் நட்சத்திரம் மிகத் தெளிவாக, அதுவும் பிரதிபலித்த ஒளியிலேயே பளிச்சென்று தெரிந்தால், கல்லின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒளியைத் திருப்பி அனுப்புவதற்காகக் கண்ணாடிப் பூச்சோ நிறத்தாளோ ஒட்டி, நட்சத்திர நீலக்கல் போலக் காட்டும் வழக்கம் பழையது.

இனி வெயிலைப் பற்றிப் பேசலாம். இழைகளால் நிறம் பெற்ற ரோஸ் குவார்ட்ஸ் படிக முகங்களோடு கிடைப்பதில்லை. பெக்மடைட் எனப்படும் பாறைத் தொடர்களின் நடுப்பகுதியில், உருகிய பாறைக் குழம்பின் நீர் மிகுந்த கடைசி மிச்சம் மிக மெதுவாக உறைந்தபோது, பெருந்திரளாகத் திரண்டு கிடக்கிறது; அதைச் சுற்றி ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, பெரில் என்னும் வேறு கனிமங்கள் இருக்கும். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் சில இடங்களிலும் வேறு ஓரிரு நாடுகளிலும் மட்டும், கூர்மையான முகங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் குவார்ட்ஸ் படிகங்கள் கிடைக்கின்றன. அவை தெளிவானவை, சிறியவை, மிக அரியவை. அந்த மாநிலத்தின் சபுகாயா சுரங்கத்தில் கிடைத்து, "லா மடோனா ரோசா" என்று பெயர் பெற்ற மாதிரி, புகைநிறக் குவார்ட்ஸைச் சுற்றி இளஞ்சிவப்புப் படிகங்கள் ஒளிவட்டம் போல் வளர்ந்தது. கனிமச் சேகரிப்பாளர்களுக்கு அது மிகவும் பரிச்சயமானது. இந்தப் படிகங்களின் நிறத்துக்கு இழைகள் காரணமல்ல. சிலிக்கான் இருக்க வேண்டிய இடங்களில் அலுமினியமும் பாஸ்பரஸும் அமர்ந்து, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு அவற்றுக்கிடையே உள்ள ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்றியதால் உண்டான நிற மையமே காரணம் என்று மாஷ்மையர், லேமன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1983இல் விளக்கினார்கள். அத்தகைய நிற மையம் ஒளிபட்டால் குலையக்கூடியது. ஆகவே அந்தப் படிகங்களை அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் வெளிச்சத்திலிருந்து காப்பது மிகச் சரி.

சந்தையில் விற்கும் மணிகளும் உருண்டைகளும் இதயவடிவக் கற்களும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை இழைகளால் நிறம் பெற்ற திரள் வகை. அவற்றின் நிறம் இழைக் கனிமத்தின் சொந்த நிறம் என்பதால் அறை வெளிச்சத்தில் எளிதில் குலைவதில்லை. அரிய படிகத்துக்கு உரிய எச்சரிக்கை, பெயர் ஒன்றாக இருப்பதால் திரள் கல்லின் மேலும் ஒட்டிக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். கனிமவியலாளர்களில் பலர் இப்போது அரிய படிகத்தை "பிங்க் குவார்ட்ஸ்" என்றும் திரளை "ரோஸ் குவார்ட்ஸ்" என்றும் பிரித்தே சொல்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு நானே என் கற்களைச் சன்னல் விளிம்பில் நேர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்கப்படும் மணிகளில் சாயம் ஏற்றியவையும் உண்டு, சாயம் நிச்சயம் வெளுக்கும். அதோடு வெயிலில் வைத்த தெளிவான உருண்டை, ஒளியை ஒரு புள்ளியில் கூட்டித் தீப்பற்ற வைக்கும் வில்லையாகவும் மாறக்கூடும். உருண்டைகளை வெயிலிலிருந்து விலக்கி வைக்க இந்த இரண்டாவது காரணம் எவ்வளவோ வலுவானது. ஆனால் அதைச் சொல்பவர்கள் குறைவு.

பிரேசிலும் மடகாஸ்கரும் இன்று இந்தக் கல்லை மிகுதியாக அனுப்புகின்றன. நமீபியா, தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், இந்தியா ஆகிய நாடுகளிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் கஸ்டர் நகருக்கு அருகிலுள்ள சுரங்கம் பெயர்பெற்றது. அந்த மாநிலம் 1966இல் ரோஸ் குவார்ட்ஸைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்தது. மடகாஸ்கரில் பெருமளவு கல் இயந்திரமின்றி, மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தோண்டிய குழிகளிலிருந்தே வெளிவருகிறது. மன அமைதிக்கென்று விற்கப்படும் கல்லைத் தோண்டுபவருக்கு இடிந்து விழும் மண்சுவரே பெரும் அச்சம் என்பது விற்பனைச் சீட்டில் இடம்பெறுவதில்லை.

கதைகளில் முதலாவது கிரேக்கக் கதை. காதல் தெய்வமான அஃப்ரொடைட்டி, காட்டுப்பன்றி தாக்கிக் கிடந்த தன் காதலன் அடோனிஸை நோக்கி ஓடும்போது முட்புதரில் காயம்பட்டாள் என்றும், இருவரின் இரத்தமும் வெண்ணிறக் குவார்ட்ஸின் மேல் சிந்தி அதை இளஞ்சிவப்பாக்கியது என்றும் சொல்லப்படுகிறது. அழகான கதைதான், ஆனால் பழைய கவிஞர்கள் பாடியது வேறு. ரோமானியக் கவிஞர் ஓவிட், அடோனிஸின் இரத்தத்திலிருந்து ஒரு மலர் எழுந்ததாகப் பாடுகிறார். அது அனிமோன் என்று கொள்ளப்படுகிறது. அவருக்கு முந்திய கிரேக்கக் கவிஞர் பயோன், இரத்தத்திலிருந்து ரோஜாவும் தெய்வத்தின் கண்ணீரிலிருந்து அனிமோனும் பிறந்ததாகப் பாடினார். வெள்ளை ரோஜாவின் முள் அஃப்ரொடைட்டியின் காலில் தைத்து, அந்த இரத்தத்தால் ரோஜா சிவந்தது என்ற வடிவமும் பிற்காலத்தவரிடம் உண்டு. எல்லா வடிவத்திலும் சிவப்பது பூ. பூவின் பெயரைக் கல்லுக்கு வைத்த பிறகு, பூவின் கதையும் பின்னாலேயே கல்லிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

எகிப்தியர் இந்தக் கல்லால் முகமூடி செய்து முதுமையைத் தள்ளிப்போட்டார்கள் என்ற கூற்றையும் அடிக்கடி காணலாம். எந்தக் கல்லறை, எந்த அருங்காட்சியகம் என்ற விவரத்தோடு அது வந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று கையில் கிடைக்கும்வரை அதை முகப்பூச்சு விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறேன். மாறாக, சீனத்தின் சிங் அரச மரபுக் காலத்தில் மூக்குப்பொடிக் குப்பிகளும் சிறு சிலைகளும் இந்தக் கல்லில் செதுக்கப்பட்டன என்பதற்குப் பொருள்களே சான்றாக இருக்கின்றன. ரோஸ் குவார்ட்ஸை அன்பின் கல், இதயச் சக்கரத்தின் கல் என்று இன்றைக்கு நாம் கேட்கும் விதத்தில் முறைப்படுத்தியது, 1970களிலும் 1980களிலும் மேலைநாடுகளில் பரவிய "நியூ ஏஜ்" எனப்படும் புதுயுக ஆன்மிக இயக்கம். அதன் பிறகு அழகுசாதன உலகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. நிறங்களைத் தரப்படுத்திப் பெயரிடும் பேன்டோன் நிறுவனம் 2016ஆம் ஆண்டின் நிறமாக "ரோஸ் குவார்ட்ஸ்" என்ற சாயலை "செரினிட்டி" என்னும் நீலத்தோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தது, கல்லைப் பார்த்திராதவர்களிடமும் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு கல்லைப் பற்றிய நம்பிக்கை ஐம்பது ஆண்டு வயதுடையதாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு மூவாயிரம் ஆண்டு வயதைக் கூட்டிச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதிர்வைப் பற்றிய விளக்கம் அறிவியலின் உடையணிந்து வருவதால் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியது. குவார்ட்ஸை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். அதன் மறுதலையைப் பயன்படுத்தி, மின்னழுத்தம் கொடுத்துக் குவார்ட்ஸை அதிரச் செய்யலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் 1927இல் அப்படித்தான் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினார். இன்றைய கைக்கடிகாரங்களில் உள்ள குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இதுவரை எல்லாம் உண்மை. ஆனால் அந்த எண், குவார்ட்ஸ் என்ற பொருளில் பிறவியிலேயே குடியிருப்பது அன்று. கவை வடிவில் குறிப்பிட்ட அளவுக்கு, குறிப்பிட்ட கோணத்தில் வெட்டியதால் கிடைப்பது. அளவை மாற்றினால் எண்ணும் மாறும். அதற்கு மின்கலமும் மின்சுற்றும் வேண்டும். அதற்குப் பயன்படுவதும் உயரழுத்தக் கொள்கலனில் வளர்த்த, குறையற்ற, நிறமற்ற செயற்கைப் படிகம். விரிசலும் இரட்டைப் படிக அமைப்பும் இழைகளும் நிறைந்த ரோஸ் குவார்ட்ஸை எந்தக் கடிகாரத் தொழிற்சாலையும் தீண்டாது. மேசையில் சும்மா கிடக்கும் கல், மேசையில் சும்மா கிடக்கும் வேறெந்தக் கல்லையும்போல்தான் கிடக்கிறது.

கல்லைக் கையில் பிடித்துத் தியானித்தால் ஏதோ ஓர் உணர்வு உண்டாகிறது என்று பலர் சொல்வதை நான் பொய் என்று தள்ளவில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டஃபர் ஃபிரெஞ்ச் 2001இல் அறிவித்த ஆய்வு இதற்குப் பொருத்தமானது. 80 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான குவார்ட்ஸையும், மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் போலியையும் கொடுத்து, சில நிமிடம் தியானிக்கச் சொன்னார்கள். கூச்சம், வெதுவெதுப்பு, மன ஒருமை போன்றவற்றை இரு சாராருமே உணர்ந்ததாகச் சொன்னார்கள். இன்னின்ன உணர்வு வரலாம் என்று முன்கூட்டியே கேட்டிருந்தவர்கள் கூடுதலாக உணர்ந்தார்கள். அதாவது உணர்வு மெய். அது வருவது மனத்தின் எதிர்பார்ப்பிலிருந்து. துயரத்தில் இருக்கும் ஒருவருக்குக் குளிர்ச்சியான, வழவழப்பான, கைக்கு அடக்கமான ஒரு பொருள் ஆறுதல் தருமானால் அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் மருத்துவரிடம் போக வேண்டியவரைப் போகாமல் நிறுத்தும் இடத்தில் அந்தக் கல்லுக்காக வாதாடவும் மாட்டேன்.

வாங்கும்போது கண்ணாடியைக் கல்லென்று ஏமாறாமல் இருக்கச் சில சோதனைகள் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் லூப் என்னும் சிறு உருப்பெருக்கியில் வட்டமான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. குவார்ட்ஸ் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் கன்னத்தில் வைத்தவுடன் சில்லென்று இருக்கும். கண்ணாடி அத்தனை குளிராது. குறையே இல்லாத தெளிவும், எல்லா மணிகளிலும் ஒரே அளவான ஆழ்ந்த நிறமும் சேர்ந்திருந்தால் ஐயப்படலாம். நிறமற்ற குவார்ட்ஸைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, உண்டான விரிசல்களில் சாயத்தை இறக்குவதும் உண்டு. அப்போது நிறம் விரிசல் கோடுகளிலும் மணியின் துளையைச் சுற்றியும் தேங்கி நிற்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் மறைவான இடத்தில் தேய்த்தால் சில சாயங்கள் பஞ்சில் ஏறிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அடர்த்திச் சோதனை. துல்லியமான தராசில் கல்லை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டும் எடைபோட வேண்டும். 265 கிராம் எடையுள்ள ரோஸ் குவார்ட்ஸ் நீரில் 100 கிராம் குறைந்து 165 கிராம் காட்டும். சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 என்பதால் வேறுபாடு சிறியதே. பெரிய கல்லிலும் நல்ல தராசிலும் மட்டுமே இதை நம்பலாம். கத்தியால் கீறிப் பார்க்கும் சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை. விற்பவருக்குச் சொந்தமான பொருளைக் கெடுக்கக் கூடாது என்பதோடு, கீறல் விழாததை வைத்து அது வெறும் குவார்ட்ஸ் என்று மட்டும்தான் சொல்ல முடியும், சாயம் ஏற்றியதா இல்லையா என்று சொல்ல முடியாது.

பராமரிப்பு மிக எளிது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மிருதுவான பல்துலக்கி ஆகியவை போதும். கழுவி உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. நகைகளை அதிர்வால் கழுவும் மீயொலிக் கருவியும் நீராவியும் வேண்டாம், ஏனென்றால் பெரும்பாலான துண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு; அதிர்வும் வெப்பமும் அவற்றை நீட்டிவிடும். முகத்தில் உருட்டும் ரோஸ் குவார்ட்ஸ் உருளியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொதிநீரில் போடுவதும் அதே காரணத்தால் தவறு. நகை செய்பவர்கள் கல் பதித்த நிலையில் பற்றவைக்கும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; 573 பாகை செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பே வேறொன்றாக மாறி, கன அளவு திடீரென்று கூடுவதால் கல் வெடிக்கும். முத்து, பவளம், ஓப்பல் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் போட்டால் ரோஸ் குவார்ட்ஸ் அவற்றைக் கீறும். நீலக்கல்லோடு போட்டால் தானே கீறுபடும். தனித்தனித் துணிப்பையே தீர்வு.

உப்பில் புதைத்துத் தூய்மைப்படுத்தும் சடங்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே. உப்பு குவார்ட்ஸைக் கரைக்காது. ஆனால் விரிசலுக்குள் போன உப்புநீர் உலரும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து விரிசலை அகலப்படுத்தும், வெள்ளிப் பதிப்பைக் கறுக்க வைக்கும், மணி கோத்த கம்பியை அரிக்கும். நிலவொளியில் வைக்கும் சடங்கால் கல்லுக்கு ஒரு தீங்கும் இல்லை, ஆகவே விரும்புவோர் தாராளமாக வைக்கலாம். குடிநீர்க் குப்பிக்குள் கல்லைப் போட்டுக் குடிப்பது வேறு. குவார்ட்ஸ் நீரில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை என்பதால் நன்மையும் தீமையும் அதிலிருந்து வரப்போவதில்லை. ஆனால் மெருகுப்பொடி, பசை, சாயம், விரிசலில் தங்கும் அழுக்கு ஆகியவை வரும். முகத்தில் உருட்டும் உருளிக்கும் இது பொருந்தும். அது வீக்கத்தைச் சற்றுக் குறைப்பது குளிர்ச்சியாலும் மெல்லிய அழுத்தத்தாலும்தான். எண்ணெய் படிந்த உருளியை ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவாவிட்டால் முகத்துக்கு அது கொண்டுவருவது பருக்கள்.

கல்லை அறுக்கவோ துளையிடவோ மெருகேற்றவோ தாமே இறங்குபவர்கள் தங்கள் நுரையீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குவார்ட்ஸை உலர்ந்த நிலையில் அரைக்கும்போது எழும் நுண்தூசி மூச்சில் கலந்து நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் மீளமுடியாத நோயை உண்டாக்குகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் இந்தத் தூசியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே உள்ளே ஆழமாகப் போவதால், சாதாரணத் துணியை முகத்தில் கட்டிக்கொள்வது பயன்படாது. நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். சிறு துரப்பணக் கருவியால் ஒரே ஒரு மணிக்குத் துளையிடுவதானாலும், கல் நீரில் மூழ்கியிருக்க, முனை எப்போதும் நனைந்தபடி வேலை செய்ய வேண்டும். முடிந்த பிறகு மேசையில் படிந்த சேற்றை உலரவிட்டுப் பெருக்காமல், ஈரமாக இருக்கும்போதே துணியால் வழித்தெடுத்து அந்தத் துணியையும் நீரில் அலசிவிட வேண்டும்.